கலோரி ஆப் போட்டா எடை குறையுமா? நம்ம வீட்டு கரண்டிக்கு ஏத்த மாதிரி அத எப்படி யூஸ் பண்றது

ஃபோன்ல கலோரி எழுதுற ஆப் போட்டா எடை குறையுமான்னு எங்க ஃபேக்டரியில புதுசா சேர்ற பிள்ளைங்கள்ல இருந்து பினாங்கு ஜெலுத்தோங்ல இருக்குற எங்க பெரியம்மா வரைக்கும் என்கிட்ட கேட்டாச்சு, ஏன்னா நான் அத வெச்சுத்தான் 11 மாசத்துல 9 கிலோ எறக்கினேன், எறக்கி ரெண்டு வருசமா திரும்ப ஏறாம பாத்துக்கிட்டு இருக்கேன். ஆப் எடைய குறைக்காது, தெனம் எழுதுறதுதான் குறைக்கும். அதுவும் நம்ம சாப்பாட்ட நம்ம அளவுலயே எழுதினாத்தான், இல்லன்னா மூணே வாரத்துல வெறுத்துப் போயி அழிச்சிடுவீங்க. மொத தடவ நானும் அப்படித்தான் அழிச்சேன்.

இதுல நான் இவ்ளோ அக்கறை காட்டுறதுக்கு காரணம் எங்கப்பா. அவருக்கு 50 வயசுக்குள்ளயே இனிப்பு நீர், அதான் சக்கரை வியாதி, அப்புறம் கால்ல புண்ணு ஆறாம ரெண்டு விரல எடுத்தாங்க, அந்த வார்டுல ராத்திரி துணைக்கு உக்காந்திருந்தப்ப பக்கத்து கட்டில்கள்ல பாதி பேரு நம்ம ஆளுங்க. 2023 தேசிய சுகாதார ஆய்வுல மலேசியாவுல பெரியவங்கள்ல 54.4 சதவீதம் பேரு எடை கூடினவங்க, 15.6 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர்னு வந்துச்சு, அதுலயும் இனிப்பு நீர் இந்தியர்கள்கிட்டதான் ரொம்ப அதிகம். அதனால யாராச்சும் எடைய குறைக்கணும்னு கேட்டா நான் சும்மா ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போறது இல்ல, உக்கார வெச்சு சொல்லுவேன், அததான் இங்க எழுதுறேன்.

மொதல்ல ஆராய்ச்சியில என்ன வந்திருக்குன்னு தெரிஞ்சிக்குங்க. 2014-ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருக்குற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து டாக்டருங்க எடை கூடின 212 நோயாளிங்கள ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு மட்டும் மைஃபிட்னஸ்பால்ங்கிற கலோரி ஆப்ப போட்டுக் கொடுத்து எப்படி பாக்குறதுன்னும் சொல்லிக் கொடுத்தாங்க, ஆறு மாசம் கழிச்சு பாத்தா ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் சராசரியா 300 கிராம் அளவுதான். ஏன்னு பாத்தா மொத மாசத்துக்கு அப்புறம் பெரும்பாலானவங்க ஆப்ப தொறக்கவே இல்ல. ஆனா 2008-ல அமெரிக்காவுல கைசர் பெர்மனென்டேங்கிற மருத்துவ அமைப்போட ஆராய்ச்சியாளருங்க கிட்டத்தட்ட 1,700 பேர பாத்தப்ப, சாப்பிட்டத தெனமும் எழுதினவங்க எழுதாதவங்கள விட ரெண்டு மடங்கு எடை எறங்கியிருந்தாங்க. 2019-ல வந்த இன்னொரு ஆய்வுல 142 பேர 24 வாரம் பாத்தாங்க, நல்லா எறங்கினவங்க மொத மாசம் எழுதுறதுக்கு ஒரு நாளைக்கு 23 நிமிசம் செலவு பண்ணியிருக்காங்க, ஆறாவது மாசம் அது 15 நிமிசத்துக்கும் கீழ வந்துடுச்சு, எவ்ளோ நேரம் எழுதுறோம்ங்கிறத விட ஒரு நாளைக்கு எத்தன தடவ எழுதுறோம்ங்கிறதுதான் முக்கியமா இருந்துச்சு. எழுதினவங்க மொதல்லயே மனசு வெச்சவங்களா இருந்திருக்கலாம், அதையும் கணக்குல எடுக்கணும்தான். ஆனாலும் மூணையும் சேத்து பாத்தா நமக்கு தேவையான விசயம் தெளிவா தெரியுது: ரெண்டாவது மாசம் கைவிடாம இருக்குறதுக்கு ஒரு வழி பண்ணிட்டா ஆப் உதவும்.

நம்ம ஆளுங்க கைவிடுறதுக்கு பெரிய காரணம் சோம்பேறித்தனம் இல்ல, நம்ம குழம்பு. ஆப்ல சாம்பார்னு தேடிப் பாருங்க, ஒரு கிண்ணம் 60-ன்னு ஒருத்தர் போட்டிருப்பாரு, 250-ன்னு இன்னொருத்தர் போட்டிருப்பாரு, ரெண்டுமே யாரோ நம்மள மாதிரி ஆளுங்க அவங்கவங்க இஷ்டத்துக்கு ஏத்தினதுதான், யாரும் சரி பாக்குறது கெடையாது. சோத்து மேல கறியும் குழம்பும் ஊத்தித் தர்ற நாசி கண்டார் இன்னும் மோசம், ஏன்னா அது ஒரே மாதிரி சாப்பாடு இல்ல, தட்டுல நீங்க என்ன கேக்குறீங்களோ அதுதான் அது. மொத தடவ நான் எப்பவும் சின்ன நம்பரத்தான் தேர்ந்தெடுத்தேன், மூணு வாரம் 1,300, 1,400-ன்னு பச்சை கலர்ல காட்டிச்சு, எடை மிசின் முள்ளு அசையவே இல்ல, நம்ம ஒடம்பு வாகே இதுதான் போலன்னு விட்டுட்டேன்.

ரெண்டாவது தடவதான் சமையக்கட்டுல இருந்து ஆரம்பிச்சேன். நான் ஃபேக்டரியில குவாலிட்டி செக்ஷன், அளக்காம எதையும் பாஸ் பண்ண மாட்டோம், வீட்டுல மட்டும் ஏன் கண்ணால பாத்து எழுதணும்னு தோணுச்சு. சாமான் கடையில 25 ரிங்கிட்டுக்கு ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினேன். ஞாயித்துக்கெழம அம்மா கோழிக் கறி வெக்கிறதுக்கு முன்னாடி எண்ணெய் போத்தல தராசுல வெச்சு நம்பர எழுதிக்கிட்டேன், எவ்ளோ எண்ணெய்ம்மா ஊத்துவீங்கன்னு கேட்டதுக்கு, மூணு கரண்டி, எனக்கு கையளவு தெரியும்னு சொன்னாங்க. தாளிச்சு முடிச்சதும் போத்தல திரும்ப வெச்சா 78 கிராம் கொறஞ்சிருக்கு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 14 கிராம் வரும், அப்படின்னா அது அஞ்சரை கரண்டி. எண்ணெய்க்கு கிராமுக்கு 9 கலோரி, ஆக எண்ணெய் மட்டுமே 700. அம்மா ஒண்ணும் பேசல, அந்த நம்பரையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு நின்னாங்க, அப்புறம், அப்பாவுக்கும் இப்படித்தானே 30 வருசமா ஊத்தினேன்னு சொன்னாங்க. நான் அவங்க கையப் புடிச்சுக்கிட்டு, யாருக்கும்மா தெரியும் அப்பன்னு சொன்னேன். அடுத்த வாரத்துல இருந்து அவங்களே மேசைக்கரண்டிய எடுத்து மூணு எண்ணி ஊத்துறாங்க, ருசியில எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல.

அன்னைக்கு போட்ட கணக்கத்தான் நீங்களும் உங்க வீட்டுல போடணும், ரொம்ப சுலபம். கனமான சாமான மட்டும் எழுதுங்க, எண்ணெய், தேங்காப்பால், கறி, பருப்பு, கெழங்கு. வெங்காயம் தக்காளி மசாலாவுக்கு மொத்தமா ஒரு நம்பர் போட்டுட்டு விடுங்க, அதுல ஒண்ணும் பெருசா ஆகாது. எங்களுக்கு எண்ணெய் 700, தோலு எலும்பு போக கோழி 600 கிராம் அதுக்கு 720, தேங்காப்பால் பெட்டி ஒண்ணு 400, மத்ததுக்கு 150, மொத்தம் 1,970. சமைச்சு முடிச்சு சட்டியோட எடைய கழிச்சா 1,800 கிராம். எங்க வீட்டு கரண்டி ஒண்ணுக்கு 90 கிராம் புடிக்கும், அப்ப மொத்தம் 20 கரண்டி, கரண்டிக்கு ஏறக்குறைய 100. இத ஆப்ல சொந்த ரெசிப்பின்னு ஒரு எடம் இருக்கும், அங்க 'அம்மா கோழிக் கறி, 1 கரண்டி'ன்னு சேத்து வெச்சுட்டா இனி ஆயுசுக்கும் தேட வேணாம். ஒரு வீட்டுல மாத்தி மாத்தி வெக்கிறது எல்லாம் சேத்து ஒரு 12 குழம்பு பொரியல் இருக்குமா, ரெண்டு ஞாயித்துக்கெழமயும் ரெண்டு மூணு வேலை நாளும் ஒதுக்கினா முடிஞ்சிடும், அந்த 12-தான் உங்க உண்மையான ஆப். எண்ணெய் அளவு மாறினா மட்டும் திரும்ப கணக்கு போடுங்க.

சோத்துல ஒரு பெரிய தப்பு நடக்குது, அத சொல்லியே ஆகணும். அரிசி வேகுறதுக்கு முன்னாடி 100 கிராம் கிட்டத்தட்ட 350 கலோரி, வெந்த சோறு 100 கிராம் 130 தான், ஏன்னா அதுல பாதிக்கு மேல தண்ணி. ஆப்ல ரெண்டும் 'அரிசி'ன்னே வரும். வெந்த சோத்த தராசுல வெச்சு பாத்துட்டு வேகாத அரிசி கணக்க தட்டினா ஒரு தட்டுக்கே 700 காட்டும், பயந்துபோயி சோத்தையே விட்டுடுவாங்க, அப்புறம் ராத்திரி பசியில பிஸ்கட் டின்ன காலி பண்ணுவாங்க. நீங்க வழக்கமா போடுற சோத்த ஒரே ஒரு தடவ தராசுல வெச்சு பாருங்க, அந்த அளவு கண்ணுக்கு பழகிடும்.

ஆப்ப தொறந்ததும் வாரத்துக்கு எவ்ளோ குறையணும்னு கேக்கும். ஒரு கிலோன்னு அழுத்தாதீங்க. அழுத்தினா பொம்பளைங்களுக்கு 1,200-ன்னு ஒரு நம்பர காட்டும், வேலைக்கு போயி வந்து வீட்டையும் பாக்குற ஒருத்தி அதுல எத்தன நாள் தாக்குப் புடிப்பா? கால் கிலோ இல்ல அரை கிலோ போடுங்க. ஒரு கிலோ கொழுப்புல ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கு, தெனம் 500 குறைச்சா ஆரம்பத்துல வாரத்துக்கு அரை கிலோ கிட்ட எறங்கும், போகப் போக ஒடம்பு சின்னதாகி செலவும் கொறயும், அதனால வேகமும் கொறயும், அது இயற்கை. வேலை எப்படின்னு கேக்குற எடத்துல உக்காந்த வேலைன்னே போடுங்க. அப்புறம் நடந்தா ஓடினா அந்த கலோரிய சாப்பாட்டு கணக்குல திருப்பிக் கொடுக்குற வசதி இருக்கும், அத கண்டிப்பா மூடிடுங்க. 2017-ல ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்துல ஏழு கைக்கடிகாரங்கள சோதிச்சப்ப, இதயத்துடிப்ப பெரும்பாலும் சரியா காட்டுச்சு, ஆனா கலோரியில ஏழுல நல்லதே சராசரியா 27 சதவீதம் தப்பு, மோசமானது 93 சதவீதம் தப்பு. பொட்டானிக் கார்டன்ல ஒரு மணி நேரம் நடந்துட்டு வாட்ச் காட்டுற 400-அ நம்பி ரெண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டா அங்கயே கணக்கு முடிஞ்சுது, ரொட்டி ஒண்ணே ஏறக்குறைய 300. நடங்க, தெனம் நடங்க, இனிப்பு நீருக்கும் இதயத்துக்கும் அத விட நல்லது இல்ல, ஆனா நடந்ததுக்கு கூலியா சாப்பாட்ட கேக்காதீங்க.

இனி எப்ப எழுதுறதுன்னா, சாப்பிடுறதுக்கு முன்னாடி. சாப்பிட்டு எழுதினா அது வெறும் கணக்குப் புத்தகம், சாப்பிடறதுக்கு முன்னாடி எழுதினா இன்னும் மாத்திக்க நேரம் இருக்கு. நாசி கண்டார் கடையில வரிசை எப்பவும் நீளம்தானே, அந்த நேரத்துல ஃபோன எடுத்து தட்டிடுவேன். சோறு 300 கிராம், 390. பொரிச்ச கோழி தொடை, 300-க்கு மேல. குழம்பு மேல எண்ணெய் மிதக்குறது கண்ணுக்கே தெரியும், அதனால நான் எனக்குன்னு வெச்ச கணக்கு, கடைக் குழம்பு ஒரு கரண்டிக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், 120. மூணு குழம்பு கலந்து சோறு மிதக்குற மாதிரி பஞ்சிர் கேட்டா 360. எல்லாம் சேந்து ஆயிரத்த தாண்டிடுது. அந்த நம்பர பாத்ததும் என் வாய் தானா, அண்ணே, சோறு பாதி, குழம்பு ஒரே கரண்டி, வெண்டக்கா கொஞ்சம் கூட வைங்கன்னு சொல்லிடும். கடைக்கு போறத நிறுத்தவே இல்ல, பினாங்குல பொறந்துட்டு நாசி கண்டார் இல்லாம எப்படி. சுகாதார அமைச்சு சொல்லுற சுக்கு சுக்கு செப்பாரோ இருக்குல்ல, தட்டுல கால் பங்கு சோறு, கால் பங்கு கறி மீனு, பாதி காய்கறி பழம், ஆப் இல்லாத நாள்ல அந்த தட்டே போதும்.

டீ மாதிரி குடிக்கிற தண்ணி வகைய யாரும் எழுதுறதே இல்ல. தே தாரேக்னு சொல்ற பால் டீயில கெட்டிப்பால் ரெண்டு மேசைக்கரண்டி ஊத்தினா அதுவே 130, நெறைய கடையில மூணு ஊத்துறாங்க. காலையில பசியாறும்போது ஒண்ணு, பத்து மணிக்கு ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னா கொறஞ்சது 400 கிட்ட, ஒரு வேளை சாப்பாடு அப்படியே கிளாஸ்ல போயிடுது, வயிறு ரொம்பின மாதிரியும் இருக்காது. பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் கிட்டத்தட்ட சைபர். திடீர்னு கோசோங் குடிக்க முடியலன்னா மொத ரெண்டு வாரம் குராங் மானிஸ், அதாவது இனிப்பு கம்மியா சொல்லுங்க, அப்புறம் சீனி போடாம பால் மட்டும் ஊத்துற தே சி கோசோங், நாக்கு ஒரு மாசத்துல பழகிடும், எங்க அம்மாவுக்கே பழகிடுச்சு.

பாக்கெட் சாமான்ல பார்கோட் ஸ்கேன் பண்ணும்போது ஒரு ஹிடாங்கானுக்கு, அதாவது ஒரு தடவ பரிமாறுற அளவுக்கு, எவ்ளோன்னு போட்டிருக்கும், ஒரு பாக்கெட்ல ரெண்டு மூணு ஹிடாங்கான் இருக்கும், பாத்து தட்டுங்க. படம் எடுத்தா கலோரி சொல்ற ஆப்பெல்லாம் இப்ப வந்திருக்கு, இட்லி எத்தனன்னு அதுக்கு தெரியும், குழம்புக்குள்ள எவ்ளோ எண்ணெய்னு கேமராவுக்கு எப்படி தெரியும்? அதுக்கு காசு கட்டாதீங்க.

எடை பாக்குறது காலையில எழுந்து, பாத்ரூம் போயிட்டு, எதுவும் குடிக்காம. தெனம் பாத்து எழுதுங்க ஆனா தெனம் நம்பாதீங்க, முந்தின ராத்திரி உப்பும் சோறும் கூட இருந்தா தண்ணி சேந்து ஒரு கிலோ, ரெண்டு கிலோ கூட காட்டும், மாதவிடாய் நாள்லயும் அப்படித்தான். ஏழு நாள் எடைய கூட்டி ஏழால வகுத்து அந்த சராசரிய மட்டும் போன வாரத்தோட ஒப்பிட்டு பாருங்க. இடுப்பையும் மாசத்துக்கு ஒரு தடவ டேப்புல அளங்க, நம்ம ஆசியர்களுக்கு ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80, அதுக்கு மேல போனா ஆபத்து கூடுது.

நாலு வாரம் ஆகியும் சராசரி எறங்கலயா, ஒடம்ப குத்தம் சொல்லாதீங்க, ஆப்பயும் குத்தம் சொல்லாதீங்க. 1992-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு ஆய்வு வந்துச்சு, எவ்ளோ கொறச்சு சாப்பிட்டாலும் எடை எறங்கலன்னு சொன்னவங்கள அளந்து பாத்தா, அவங்க சொன்ன கணக்கு உண்மையா சாப்பிட்டத விட சராசரியா 47 சதவீதம் கம்மி. அவங்க பொய் சொல்லல, புள்ளைங்க மிச்சம் வெச்சத வாயில போட்டது, சமைக்கும்போது ருசி பாத்தது, இதெல்லாம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒரு வாரம் மட்டும் வாய்க்குள்ள போற எல்லாத்தையும், வீட்டு முறுக்கு ஒண்ணா இருந்தாலும், எழுதிப் பாருங்க. அப்பவும் சரியா இருந்தா தெனசரி கணக்குல 150 கொறைங்க, போதும்.

தீபாவளி, கல்யாணம், திறந்த இல்ல உபசரிப்பு எல்லாம் வரும். அந்த வேளைக்கு 'விசேசம் 1,000'-ன்னு ஒரு வரி போட்டுட்டு சந்தோசமா சாப்பிடுங்க, அடுத்த வேளை வழக்கம் போல. அன்னைக்கு எழுதாம விட்டவங்கதான் மறுநாளும் விட்டு, அதுக்கு மறுநாளும் விட்டு, அப்படியே போயிடுறாங்க, நான் பாத்திருக்கேன்.

இந்த ஆப்ப தொடவே கூடாதவங்களும் இருக்காங்க, தயவு செஞ்சு இத வேகமா படிச்சிட்டு போகாதீங்க. சாப்பிட பயப்படுறது, சாப்பிட்டு வாந்தி எடுக்குறது, இப்படி முன்னாடி ஒரு பிரச்சனை இருந்தவங்க வேணாம். 2017-ல அமெரிக்காவுல இந்த மாதிரி சாப்பாட்டு கோளாறு (ஈட்டிங் டிஸார்டர்) இருந்த 105 பேர்கிட்ட கேட்டப்ப முக்கால்வாசி பேரு கலோரி ஆப் யூஸ் பண்ணியிருந்தாங்க, அதுலயும் முக்கால்வாசி பேரு அது தங்களோட நோய்க்கு ஒரு காரணம்னு சொன்னாங்க. கர்ப்பமா இருக்குறவங்க, ஸ்கூல் பிள்ளைங்க வேணாம். வயசுப் பொண்ணு ஃபோன்ல இந்த ஆப்ப பாத்தா திட்டாதீங்க, பக்கத்துல உக்காந்து என்னம்மா ஆச்சுன்னு கேளுங்க. இனிப்பு நீருக்கு இன்சுலின் போடுறவங்க, கிளிக்லசைட் மாதிரி மாத்திரை எடுக்குறவங்க சாப்பாட்ட கொறைக்கிறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லணும், மருந்து அதே அளவுல இருந்து சாப்பாடு மட்டும் கொறஞ்சா ரத்தத்துல சீனி கீழ போயி மயக்கம் வந்துடும். க்ளினிக் கெசிஹாத்தான்ங்கிற அரசாங்க க்ளினிக்ல குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான், உணவியல் அதிகாரிய பாக்கணும்னு கேளுங்க, போகும்போது ஆப்ல எழுதின 14 நாள் கணக்க கொண்டு போங்க. சும்மா, கம்மியாதான் சாப்பிடுறேன் மிஸ்னு சொல்றதுக்கும் அத காட்டுறதுக்கும் எவ்ளோ வித்தியாசம்.

எத்தன நாள் எழுதணும்னு கேட்டா நான் சொல்றது ஒரு மண்டலம், 48 நாள். தைப்பூசத்துக்கு விரதம் இருந்து தண்ணீர்மலை ஏறுறவங்களுக்கு அந்த கணக்கு சொல்லித்தர வேணாம், மூணாவது வாரம் கஷ்டமா இருக்கும், நாலாவதுல பழகிடும், ஆப்லயும் மொத தடவ நான் விட்டது சரியா அந்த மூணாவது வாரத்துலதான். ஒரு நாள் விட்டுப் போனா மொதல்ல இருந்து எண்ண வேணாம், அடுத்த வேளையில இருந்து தொடருங்க. 48 நாள் முடிஞ்சா நீங்க சாப்பிடுறதுல பத்துல எட்டு உங்க தலையிலயே இருக்கும், அப்புறம் எறங்க வேண்டிய எடை இன்னும் இருந்தா தொடருங்க, போதும்னா ஆப்ப மூடி வெச்சுட்டு வாரம் ரெண்டு நாள் எடை மட்டும் பாருங்க. நான் சமையக்கட்டு காலண்டர்ல 65-ன்னு எழுதி வெச்சிருக்கேன், சராசரி 67-அ தொட்டா அன்னைக்கே ஆப்ப தொறந்து ரெண்டு வாரம் எழுதுவேன். போன வருசம் தீபாவளிக்கு அப்புறம் ஒரு தடவ அப்படி தொறந்தேன், 'அம்மா கோழிக் கறி, 1 கரண்டி' அங்கயேதான் இருந்துச்சு, எண்ணெய் மூணு கரண்டியா கொறஞ்சதுக்கு அப்புறம் மாத்தி எழுதின நம்பரோட, 84.